ஆனந்தும் ரெபலும்: ஒரே பொட்டி, மூணு கடிகாரம்

1998 ஜூலை. இத்தாலியில இஸ்கியான்னு ஒரு தீவு. ஒரு பக்கம் நம்ம விஸ்வநாதன் ஆனந்த், அப்போ உலகத்துல ரெண்டாம் நிலை ஆட்டக்காரர். இன்னொரு பக்கம் ரெபல் 10-ன்னு ஒரு செஸ் மென்பொருள். மொத்தம் எட்டு ஆட்டம். முடிவு: ரெபல் 5, ஆனந்த் 3.

"கம்ப்யூட்டர் மனுஷன ஜெயிச்சிருச்சு"ன்னு ஒரே வரியில முடிச்சிட்டுப் போகலாம். ஆனா அந்த 5-3ஐ கொஞ்சம் பிரிச்சுப் பாருங்க மக்களே. மேட்டரே அங்கதான் இருக்கு.

பிளிட்ஸ் (ஆளுக்கு 5 நிமிஷம், ஒவ்வொரு மூவுக்கும் 5 விநாடி கூடுதல்), 4 ஆட்டம்: ரெபல் 3, ஆனந்த் 1.

செமி-பிளிட்ஸ் (ஆளுக்கு 15 நிமிஷம்), 2 ஆட்டம்: ரெபல் 1½, ஆனந்த் ½.

டோர்னமென்ட் ஆட்டம் (40 மூவுக்கு 2 மணி நேரம், அப்புறம் மீதிக்கு 1 மணி நேரம்), 2 ஆட்டம்: ஆனந்த் 1½, ரெபல் ½.

அதே ஆளு, அதே மென்பொருள். கடிகாரத்த மட்டும் மாத்தினாங்க, ஜெயிக்கிற கட்சியும் மாறிடுச்சு. செஸ் மென்பொருள்கள் வேகமான ஆட்டத்துலயும் நிதானமான ஆட்டத்துலயும் எப்படி நடந்துக்குதுன்னு யாராவது கேட்டா, நான் முதல்ல எடுத்துக் காட்டறது இந்த மேட்ச்சத்தான். இது நடந்தப்போ எனக்கு ஒரு வயசு இருக்கும். பின்னாடி படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டதுதான் எல்லாம்.

இதுல ஒரு வேடிக்கை. தோத்தது யாரோ மெதுவா யோசிக்கிற தாத்தா இல்ல. ஆனந்தோட அடையாளமே வேகம்தான். சென்னை சோவியத் கலாசார மையத்துல டால் செஸ் கிளப்னு ஒண்ணு இருந்தது. இந்தியாவோட முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர் மானுவல் ஆரோன் 1972-ல ஆரம்பிச்சது. அங்க பிளிட்ஸ் ஆடுவாங்க. ஜெயிச்சவன் உக்காந்திருப்பான், தோத்தவன் எழுந்து போய் வரிசையில கடைசியா நிக்கணும். சின்னப் பையன் ஆனந்த் அங்க ஆடி வளர்ந்தவர். எதிராளி அரை மணி நேரம் யோசிக்கிற இடத்துல இவர் சில நிமிஷத்துல ஆடிட்டு எழுந்து உலாத்தப் போயிடுவாராம். வெளிநாட்டுப் பத்திரிகைக்காரங்க "மின்னல் பையன்"னு பேர் வெச்சாங்க. அப்படிப்பட்டவர்தான் பிளிட்ஸ்ல 3-1ன்னு அடி வாங்கினார். நிதானமா ஆடினப்போ ஜெயிச்சார்.

எட்டே எட்டு ஆட்டம்தானே, அதுலயும் நிதான ஆட்டம் ரெண்டுதானே, இத வெச்சு என்னத்த முடிவு பண்றதுன்னு நீங்க கேட்கலாம். நியாயமான கேள்வி. அதனால கொஞ்சம் முன்னாடி போய், இதே கதை வேற ஆளுங்களுக்கு நடந்துச்சான்னு பார்ப்போம்.

1994 மே மாசம். மியூனிக்ல இன்டெல் நடத்தின ஒரு பிளிட்ஸ் போட்டி. ஃப்ரிட்ஸ் 3-ங்கற மென்பொருளும் களத்துல இருந்தது. காஸ்பரோவ் அதுக்கிட்ட ஒரு ஆட்டம் தோத்தார். ஆனந்த், ஷார்ட், கெல்ஃபாண்ட், கிராம்னிக்கும் தோத்தாங்க. ராபர்ட் ஹியூப்னர்னு ஒரு ஜெர்மன் கிராண்ட்மாஸ்டர் "நான் பொட்டியோட ஆடமாட்டேன்"னு சொல்லி ஆட்டத்தையே விட்டுக் கொடுத்துட்டார். கடைசியில காஸ்பரோவும் ஃப்ரிட்ஸும் சம புள்ளி. டை-பிரேக்ல காஸ்பரோவ் ஜெயிச்சு மானத்தக் காப்பாத்திக்கிட்டார்.

அதே வருஷம் ஆகஸ்ட், லண்டன். இந்தத் தடவை ஆளுக்கு 25 நிமிஷம். ரிச்சர்ட் லாங் எழுதின செஸ் ஜீனியஸ்ங்கற மென்பொருள் காஸ்பரோவ 1½-½ன்னு போட்டியில இருந்தே வெளிய அனுப்பிடுச்சு. அடுத்து நிகோலிச்சையும் சாய்ச்சது. அதை நிறுத்தினது யாருன்னு நெனக்கறீங்க? நம்ம தலதான். ஆனந்த்கிட்ட ஜீனியஸ் தோத்து வெளிய போச்சு.

இப்போ 1996 பிப்ரவரி, ஃபிலடெல்ஃபியா. ஐபிஎம்மோட டீப் புளூ. மேஜை மேல வைக்கிற பொட்டி இல்ல, செஸ்ஸுக்குன்னே சிப் செஞ்சு சேர்த்த பெரிய இயந்திரம். ஆனா நிதானமான நேரக் கணக்கு. காஸ்பரோவ் முதல் ஆட்டம் தோத்தார், ஆனா மேட்ச்ச 4-2ன்னு ஜெயிச்சார்.

அதாவது 25 நிமிஷ ஆட்டத்துல சாதாரண பென்டியம் கணினிகிட்ட வெளியேறின மனுஷன், ரெண்டு வருஷத்துக்குள்ள அதவிட எத்தனையோ மடங்கு வேகமான இயந்திரத்த நிதான ஆட்டத்துல ஜெயிக்கிறார். இஸ்கியா தற்செயல் இல்லைன்னு இதுலயே தெரியுது.

சரி, ஏன் இப்படி?

பல பேர் சொல்ற பதில்: "கம்ப்யூட்டர் ஸ்லோ கேம்ல வீக்." இது தப்பு. நேரம் கூடினா எந்த செஸ் மென்பொருளும் பலவீனமாகாது, பலமாத்தான் ஆகும். கேள்வி எவ்வளவு பலமாகும்ங்கறதுதான்.

நம்ம ஊரு உதாரணமே சொல்றேன். நான் இருக்கறது குருபரப்பள்ளி. வாசல்ல கிருஷ்ணகிரி-ஓசூர் நெடுஞ்சாலை. ராத்திரி பூரா லாரி ஓடும். அந்தக் காலத்து செஸ் மென்பொருளை, ராத்திரியில ஹெட்லைட்ட மட்டும் நம்பி ஓட்டற புது டிரைவர்னு வெச்சுக்கங்க. வெளிச்சம் விழற தூரத்துக்குள்ள ஒரு குழியும் அவன் கண்ணுல இருந்து தப்பாது. ஆனா வெளிச்சத்துக்கு அந்தப் பக்கம் என்னன்னு சுத்தமா தெரியாது. பழைய டிரைவர் வேற ரகம். ஓசூர் வரைக்கும் ஏத்தம்தான், எங்க கியர் மாத்தணும், எங்க ஓரங்கட்டணும்னு வெளிச்சமே இல்லாம தெரியும். ஆனா அவசரப்படுத்தினா அவரும் கண்ணு முன்னாடி இருக்கற குழியில விட்டுடுவார்.

அந்த ஹெட்லைட்டோட தூரத்த அடுக்குக் கணக்குல சொல்வாங்க. நான் ஒரு மூவ், நீ ஒரு மூவ்னு எத்தனை அடுக்கு முன்னாடி பார்க்குதுங்கறது. செஸ்ல ஒரு நிலையில சராசரியா சுமார் 35 மூவ் ஆடலாம். ஆல்பா-பீட்டாங்கற வெட்டும் முறையில வேண்டாத கிளைகள கழிச்சுட்டா, நல்லா வேலை செஞ்சா அது வர்க்கமூலம் அளவுக்கு, அதாவது ஆறு அளவுக்குக் குறையும். அப்படியும் ஒரு அடுக்கு கூடுதலா பார்க்க ஆறு மடங்கு நேரம் வேணும்.

இப்போ இஸ்கியா கணக்க போட்டுப் பார்ப்போம். பொட்டி தட்டறவன் கணக்கு போடாம விட்டா தூக்கம் வராது :-)

பிளிட்ஸ்ல 40 மூவுக்கு 5 நிமிஷம், கூட 40 தடவ 5 விநாடி. மொத்தம் 500 விநாடி. ஒரு மூவுக்கு 12.5 விநாடி. செமி-பிளிட்ஸ்ல 900 விநாடி, ஒரு மூவுக்கு 22.5. டோர்னமென்ட்ல 2 மணி நேரம், ஒரு மூவுக்கு 180 விநாடி. பிளிட்ஸுக்கும் டோர்னமென்ட்டுக்கும் நடுவுல 14 மடங்குக்கு மேல வித்தியாசம். அவ்வளவு நேரம் கூட்டிக் கொடுத்தும் ரெபலோட ஹெட்லைட் எவ்வளவு தள்ளி அடிக்கும்? ஆறு மடங்குக்கு ஒரு அடுக்குன்னா, சுமார் ஒண்ணரை அடுக்கு. அவ்வளவுதான்.

இதையே ரேட்டிங்ல பார்த்தா, நேரம் இரட்டிப்பானா 50-லேர்ந்து 70 புள்ளி வரைக்கும் ஏறும்ங்கறது அந்தக் காலத்துல பொதுவா சொன்ன கணக்கு. 14 மடங்குன்னா கிட்டத்தட்ட நாலு இரட்டிப்பு, அதாவது 200-லேர்ந்து 280 புள்ளி. சாதாரண விஷயமில்ல. யுனிக்ஸ் எழுதின கென் தாம்ஸன் இருக்காரே, அவர் பெல்-ங்கற தன்னோட செஸ் இயந்திரத்த வெவ்வேற ஆழத்துல தனக்குத் தானே மோதவிட்டு 1982-லயே இதப் பத்தி எழுதினார். ஒரு அடுக்கு கூடினா சுமார் 200 புள்ளி, ஆழம் போகப் போக அந்த லாபம் மெல்லக் குறையும்.

ஆக ரெபலும் நிதான ஆட்டத்துல நல்லாவே பலமாத்தான் ஆயிருக்கணும். அப்படியும் ஆனந்த் ஜெயிச்சார்னா, அவருக்குக் கிடைச்ச லாபம் அதவிட அதிகம்.

காரணம் ரெண்டு. ஒண்ணு, மனுஷன் அவசரத்துல செய்யற தப்பு. கடிகாரம் ஓடும்போது ரெண்டு மூவுல காய் போற தந்திரம் நம்ம கண்ணுல படாது. மென்பொருள் 12 விநாடியில கூட அதத் தவறவிடாது. அதுக்குப் பதட்டம் இல்ல, கை நடுங்காது. பிளிட்ஸ்ல மனுஷன் தோத்ததெல்லாம் பெரும்பாலும் இந்தக் குழிகள்லதான். மூணு நிமிஷம் கொடுத்தா அதுல பாதிக்கு மேல மறைஞ்சிடும்.

ரெண்டாவதுதான் முக்கியம். ஆனந்த் 35 மூவையும் பார்க்கறதில்ல. ரெண்டு மூணு மூவ்தான் பார்க்கறார். மீதிய எல்லாம் பார்க்காமலேயே தள்ளிடறார். சிப்பாய் அமைப்பு, இருபது மூவ் கழிச்சு வரப்போற எண்ட்கேம், எதிராளி ராஜாவச் சுத்தி இருக்கற ஓட்டை, இதெல்லாம் எண்ணிப் பார்த்து வரது இல்ல, அனுபவத்துல வரது. ரெண்டே கிளைதான் பார்க்கணும்னா, கூடுதலா கிடைக்கிற நேரம் பூரா அந்த ரெண்டுலயே ஆழமாப் போக உதவும். மென்பொருளுக்குக் கிடைச்ச கூடுதல் நேரத்துல பெரும்பகுதி குப்பைக் கிளைகளப் பெருக்கறதுலயே போச்சு.

நான் இதுலேர்ந்து புரிஞ்சுக்கிட்டது இதுதான்: நிதானமான நேரம், எதப் பார்க்கணும்னு தெரிஞ்சவனுக்குத்தான் அதிகம் உதவும். 1998-ல அது தெரிஞ்ச ஆள் ஆனந்த்.

அந்த ஜன்னல் எவ்வளவு நாள் திறந்திருந்தது?

உண்மையில இஸ்கியாவுக்கு ஒரு வருஷம் முன்னாடியே, 1997 மே மாசம், நியூயார்க்ல டீப் புளூ காஸ்பரோவ 3½-2½ன்னு நிதான ஆட்டத்துலயே ஜெயிச்சிருந்தது. ஆனா அது நொடிக்கு 20 கோடி நிலை பார்க்கிற ராட்சசன். கடையில வாங்கற கணினிகிட்ட நிதான ஆட்டம்னா மனுஷன்தான் ராஜான்னு இன்னும் கொஞ்ச காலம் ஓடுச்சு. 2002-ல பஹ்ரைன்ல கிராம்னிக் டீப் ஃப்ரிட்ஸோட 4-4. 2003-ல காஸ்பரோவ் டீப் ஜூனியரோட 3-3, அதே வருஷம் இன்னொரு ஃப்ரிட்ஸோட 2-2. 2005-ல லண்டன்ல ஹைட்ரா மைக்கேல் ஆடம்ஸ 5½-½ன்னு நசுக்கினது. 2006 கடைசியில ஜெர்மனியோட பான் நகரத்துல டீப் ஃப்ரிட்ஸ் உலக சாம்பியன் கிராம்னிக்க 4-2ன்னு ஜெயிச்சது. அந்த மேட்ச்சோட ரெண்டாவது ஆட்டத்துல ஒரே மூவுல வர செக்மேட்ட கிராம்னிக் பார்க்காம விட்டார். நிதான ஆட்டத்துல, உலக சாம்பியன்! அதுக்கப்புறம் இந்த மாதிரி பெரிய மேட்ச் நடத்தறதுல யாருக்கும் ஆர்வம் இல்லாமப் போச்சு.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச புள்ளிவிவரம் 2009-ல வருது. பாக்கெட் ஃப்ரிட்ஸ் 4. ஒரு மொபைல் போன்ல ஓடற மென்பொருள். பியூனஸ் அயர்ஸ்ல கோப்பா மெர்கோசுர் போட்டியில பத்து ஆட்டத்துல 9½ எடுத்தது. அது நொடிக்குப் பார்த்தது 20,000 நிலைக்கும் குறைவு. டீப் புளூ பார்த்ததுல பத்தாயிரத்துல ஒரு பங்கு! இரும்பு பெரிசாகல, சின்னதாத்தான் ஆச்சு. ஆனா எதப் பார்க்க வேண்டாம்ங்கறத மென்பொருள் கத்துக்கிச்சு. ஆனந்த்கிட்ட இருந்த சரக்கு கொஞ்சம் கொஞ்சமா அந்தப் பக்கம் போச்சு.

அது முழுசாப் போன நாள்னு சொல்லணும்னா 2017 டிசம்பர். டீப்மைண்ட் ஆல்பாஸீரோவ வெளிய விட்டது. ஸ்டாக்ஃபிஷ் 8-கூட 100 ஆட்டம்: 28 வெற்றி, 72 டிரா, தோல்வி பூஜ்யம். அப்போ ஒரு சண்டை வந்தது, அதுவும் கடிகாரத்தப் பத்தித்தான். ஒரு மூவுக்கு ஒரு நிமிஷம்னு கட்டாயமா வெச்சிருந்தாங்க. ஸ்டாக்ஃபிஷ் எழுதினவங்க, எங்க நேரம் எடுக்கணும் எங்க மிச்சம் பிடிக்கணும்னு முடிவு பண்ற பகுதிக்காக நிறைய உழைச்சிருந்தாங்க. அத முடக்கிட்டு ஆடினா என்ன நியாயம்னு கேட்டாங்க. கேட்டது சரிதான். 2018 டிசம்பர்ல வந்த அடுத்த கட்டுரையில சாதாரண நேரக் கணக்கு வெச்சாங்க: 3 மணி நேரம், மூவுக்கு 15 விநாடி கூடுதல், 1000 ஆட்டம். ஆல்பாஸீரோ 155 வெற்றி, 6 தோல்வி, மீதி டிரா.

இந்த எண்களப் பாருங்க. ஸ்டாக்ஃபிஷ் நொடிக்கு சுமார் 6 கோடி நிலை பார்த்தது. ஆல்பாஸீரோ சுமார் 60 ஆயிரம்தான். ஆயிரத்துல ஒரு பங்கு. 2017 கட்டுரையில யோசிக்கிற நேரத்த கூட்டிக்கிட்டே போய் ஒரு வரைபடம் போட்டிருந்தாங்க. நேரம் கூடக் கூட ஸ்டாக்ஃபிஷ்ஷ விட ஆல்பாஸீரோ அதிகமா ஏறிக்கிட்டே போகுது. படிச்சப்போ எனக்கு சட்டுன்னு இஸ்கியாதான் ஞாபகம் வந்தது. கொஞ்சமா பார்க்கிறவன், எதப் பார்க்கணும்னு தெரிஞ்சவன், நிதானமான நேரத்துல அதிக லாபம் எடுக்கறான். 1998-ல அந்த இடத்துல ஆனந்த் இருந்தார், 2017-ல இன்னொரு மென்பொருள் உக்காந்திருச்சு. எண்ணி எண்ணிப் பார்க்கிற ரெபலோட இடத்துல ஸ்டாக்ஃபிஷ்.

ஸ்டாக்ஃபிஷ்காரங்களும் சும்மா இல்ல. 2020 செப்டம்பர்ல ஸ்டாக்ஃபிஷ் 12-ல சின்னதா ஒரு நியூரல் நெட்வொர்க்க உள்ள வெச்சாங்க. பழைய தேடல் வேகம், கூட புது மதிப்பீடு. இப்போ இதுமாதிரி ரெண்டு மென்பொருள ஆரம்ப நிலையிலேர்ந்து நிதானமா ஆடவிட்டா கிட்டத்தட்ட எல்லாமே டிராதான். அதனால டிசெக் மாதிரி மென்பொருள் போட்டிகள்ல ஒரு பக்கம் சாய்ஞ்ச ஓப்பனிங்கா தேர்ந்தெடுத்துக் கொடுத்து ஆட வைக்கிறாங்க.

தொழில்முறையா எனக்குச் சுவாரசியமான விஷயம் இன்னொண்ணு இருக்கு. ஸ்டாக்ஃபிஷ்ல ஒரு மாற்றம் செஞ்சா அது நல்லதா கெட்டதான்னு எப்படித் தெரியும்? 2013-ல கேரி லின்ஸ்காட்ங்கறவர் ஃபிஷ்டெஸ்ட்னு ஒண்ணு உருவாக்கினார். உலகம் பூரா தன்னார்வலர்கள் தங்கள் கணினிய இரவல் கொடுப்பாங்க. புது கோடும் பழைய கோடும் ஆயிரக்கணக்கான ஆட்டம் மோதும். முதல்ல குறுகிய நேரம்: 10 விநாடி, மூவுக்கு 0.1 விநாடி. அதுல தேறினா நீண்ட நேரம்: 60 விநாடி, மூவுக்கு 0.6 விநாடி. பொதுவா ரெண்டுலயும் தேறினாத்தான் உள்ள சேர்ப்பாங்க. ஏன் ரெண்டு? வேகத்துல லாபமாத் தெரியற ஒரு வெட்டு, ஆழம் கூடினதும் நல்ல மூவையே வெட்டிடலாம். அதனால ரெண்டு கடிகாரத்துலயும் பார்க்காம நம்ப மாட்டாங்க.

நம்ம ஓசூர்-கிருஷ்ணகிரி பக்கம் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில வேலை பார்க்கிறவங்களுக்கு இது புதுசா இருக்காது. போர்டு லைன்ல வரும்போது சில விநாடி டெஸ்ட், அப்புறம் சூட்டுல மணிக்கணக்கா ஓடவிடற பர்ன்-இன். நான் எழுதறது அந்த மாதிரி டெஸ்டுக்கான மென்பொருள்தான். விநாடியில தேறினதெல்லாம் மணிக்கணக்குல தேறாதுன்னு ஷிப்ட்ல நிக்கிற எந்தப் பொண்ணையும் கேளுங்க, சொல்லுவாங்க.

சரி, மனுஷனுக்கு இனிமே இதுல என்ன மிச்சம்?

இதுக்கு எனக்குத் தெரிஞ்ச நல்ல பதில் சென்னையிலேர்ந்தே வந்தது. குகேஷ். அவரோட கோச் விஷ்ணு பிரசன்னா ஒரு வினோதமான முடிவு எடுத்தார். பையன் 2500 ரேட்டிங் பக்கம் வர வரைக்கும் செஸ் மென்பொருள் பக்கமே விடல. எல்லாக் குழந்தையும் மொபைல்ல எஞ்சின் வெச்சுக்கிட்டு அரை விநாடியில பதில் பார்க்கிற காலத்துல, இவன் சுயமா யோசிச்சு, சுயமா மதிப்பிட்டு வளர்ந்தான். பைத்தியக்காரத்தனம்னு சொன்னவங்க உண்டு.

2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். உலக சாம்பியன்ஷிப்போட பதினாலாவது ஆட்டம், நிதானமான நேரக் கணக்கு. புள்ளி சமம். அன்னிக்கு டிரான்னா அடுத்த நாள் ரேபிட் டை-பிரேக், அதுல டிங் லிரனுக்குத்தான் சாதகம்னு பல பேர் பேசிட்டிருந்தாங்க. நிலைமையும் டிராதான். பார்த்துக்கிட்டிருந்த ஒவ்வொருத்தர் போன்லயும் எஞ்சின் அதத்தான் சொல்லிச்சு. ஆனா குகேஷ் டிராவுக்குப் போகல. ஒரு சிப்பாய் கூட இருந்ததை வெச்சு மணிக்கணக்கா அழுத்திக்கிட்டே இருந்தார். 55-வது மூவுல டிங் யானைய தப்பான கட்டத்துல வெச்சார். 7½-6½. பதினெட்டு வயசுல உலக சாம்பியன்.

எஞ்சினப் பொறுத்தவரை அந்த நிலையில ஆட ஒண்ணுமே மிச்சமில்ல. எதிர்ல உக்காந்திருக்கறது களைச்சுப் போன ஒரு மனுஷன்ங்கறது அதோட கணக்குலயே இல்ல. குகேஷ் பார்த்தது அதத்தான்.

இஸ்கியாவுல ஆனந்த் ஜெயிச்ச மாதிரி இனிமே யாரும் மென்பொருளை ஜெயிக்கப் போறதில்ல, எந்தக் கடிகாரம் வெச்சாலும். ஆனா அன்னிக்கு அந்த நிதான ஆட்டங்கள்ல அவருக்கு உதவின விஷயம் காலாவதி ஆகல. விஷ்ணு பிரசன்னா அந்தப் பையன்கிட்ட வளரவிட்டதும் அதேதான்: பதில எவ்வளவு சீக்கிரம் தெரிஞ்சுக்கறதுங்கறது இல்ல, எங்க பார்க்கணும்ங்கறது. உங்க வீட்டுக் குழந்தை செஸ் ஆடினா, ஆட்டம் முடிஞ்சதும் உடனே எஞ்சினத் திறக்கவிடாம, "நீ எங்க தப்பு பண்ணினேன்னு நெனக்கற?"ன்னு ஒரு தடவ கேட்டுப் பாருங்க.

பி.கு: பிளிட்ஸ்ல ஆனந்த் எடுத்தது 25%, டோர்னமென்ட்ல 75%. எலோ கணக்குல அது சுமார் 190 புள்ளி பின்னாடியிலேர்ந்து 190 புள்ளி முன்னாடி. நாலு ஆட்டத்தையும் ரெண்டு ஆட்டத்தையும் வெச்சு இப்படிக் கணக்கு போடக்கூடாதுன்னு தெரியும். தெரிஞ்சேதான் போட்டேன், கை அரிக்குதே :-)